நாக்கின் வலது ஓரம்

பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு, சயான் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரைச் சுவரில் தொங்கிய எழுத்துகளை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்த மாரீஸ்வரியின் நாக்கில், இடது ஓரமாக, அவளுக்குத் தெரியாத ஒரு சொல் வந்து விழுந்தது. நனைந்த சிலேட்டும் கிராம்பும் கலந்தாற்போல் ருசித்தது. அரை நிமிடத்தில் அதே சொல் வலது ஓரத்திலும் விழுந்தது. பிறகு மறுபடி இடது, மறுபடி வலது. பெரியவர் மூன்றாவது வரியைத் தப்பாக வாசித்ததை அவள் கவனிக்கவில்லை. அந்த வாரம் அவருக்குப் போய்ச்சேர்ந்த கண்ணாடியை அவர் இன்றைக்கும் போட்டுக்கொண்டு, உலகம் கொஞ்சம் சாய்ந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இடது ஓரம் என்றால் உஸாமா, வலது ஓரம் என்றால் சாதனா. மூன்று பேரும் மாட்டுங்காவில் ஒரே கல்லூரியில் பி.காம். படித்தவர்கள். மாரீஸ்வரியும் உஸாமாவும் தாராவியிலிருந்து நடந்தே வருவார்கள். அவள் வீட்டார் சங்கரன்கோவில் பக்கம், அவன் வீட்டார் கடையநல்லூர். சாதனா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். புள்ளியியல் வகுப்பில் யாரும் பேசக் கூடாது என்று இருந்ததால், பேசினாலும் பிறருக்குப் புரியாத ஒன்றை மூவருமாக உண்டாக்கிக்கொண்டார்கள். முதல் சொல்லை மாரீஸ்வரி போட்டாள்: சிக்கே, பசிக்கிறது. அடுத்த வாரம் லிபு வந்தது, வண்டி லேட். வூனா என்றால் தலையைத் திருப்பாமல் அங்கே பார். ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னால் இல்லை என்று பொருள்; சிக்கே சிக்கே என்றால் பசி இல்லை. இறந்தகாலம் வேண்டாம் என்றான் உஸாமா, அவன் வீட்டில் சண்டையெல்லாம் நடந்துபோனதைப் பேசும்போதுதான் வந்தது. மூவரும் நேரில் உட்கார்ந்து, மூவரும் சரி என்றால்தான் ஒரு சொல் உள்ளே வரலாம் என்று விதி போட்டவள் மாரீஸ்வரி. மூன்று வருடத்தில் நூற்றுப்பன்னிரண்டு சொற்கள் சேர்ந்தன. பாதிக்கு மேல் அவளுடையவை, சாதனாவுடையவை ஒன்பது. மொழிக்குப் பெயர் வைக்கவில்லை. 'அதுல சொல்லு' என்பார்கள், அவ்வளவுதான்.

ருசி வந்தது இரண்டாம் வருடத்து மழைக்காலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை உஸாமா தன் வீட்டு மாடியில் தனியாக நின்று சிக்கே என்றான். அதே நேரம் மாட்டுங்காவில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சாதனாவுக்கும், தாராவியில் குழாயடியில் நின்ற மாரீஸ்வரிக்கும் வாயில் வறுத்த நிலக்கடலை ருசித்தது. பத்து நாள் போனில் பேசிச் சரிபார்த்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ருசி இருந்தது. சொல்கிறவரை விட்டுவிட்டு மற்ற இருவர் நாக்கிலும் விழுந்தது. எவ்வளவு தூரமானாலும் குறையவில்லை. யார் சொன்னது என்பதை விழுகிற இடத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். மாரீஸ்வரியின் சொற்கள் மற்ற இருவருக்கும் நுனிநாக்கில் விழுந்தன, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரீசார்ஜ் தேவையில்லை என்பது உஸாமாவுக்குப் பிடித்திருந்தது. படிப்பு முடிந்து சாதனா செம்பூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கும், உஸாமா காட்கோபரில் ஒரு கல்யாணச் சமையல் கூடத்துக்கும், மாரீஸ்வரி கண்ணாடிக் கடைக்கும் போன பிறகு, தினம் சாயங்காலம் வீடு சேர்ந்ததும் மூவரும் தாபி என்று சொல்வார்கள். வந்து சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம், மோர் ருசி. வலது ஓரத்தில் அந்த மோர் விழாமல் மாரீஸ்வரி சாப்பிட உட்கார்ந்ததில்லை. இடது ஓரத்து மோர் வராவிட்டால் அவ்வளவாகக் கவலைப்பட்டதும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சாதனாவுக்குப் போன் போட்டாள்.

"புதுசா எதாச்சும் போட்டீங்களாட்டி?"

"இல்லையே. நீ இல்லாம எப்படிப் போடறது?" என்றாள் சாதனா.

வெள்ளிக்கிழமை அதே பத்தேமுக்காலுக்கு இன்னொன்று வந்தது. வெயிலில் காய்ந்த துணியை மடியில் போட்டுக்கொண்டு கற்கண்டு தின்றதுபோல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது நார்த்தங்காயும் இரும்புக் கம்பியும். இடது, வலது, இடது, வலது. இரண்டு பேர் ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் பேசிக்கொள்வதை மாரீஸ்வரி தன் வாய்க்குள்ளேயே கேட்டாள். விதியை மீறினார்கள் என்பதையோ பொய் சொன்னார்கள் என்பதையோ அவள் எப்படியாவது தாங்கியிருப்பாள். அந்தச் சொற்கள் நன்றாக இருந்தன, அதுதான் தாங்கவில்லை. நூற்றுப்பன்னிரண்டில் எதுவும் அப்படி இல்லை. அவளுடைய சிறந்த சொல்லான வூனாவே அவற்றுக்குப் பக்கத்தில் கடைச் சரக்கு ஏலக்காய்போல் இருந்தது. உஸாமா இவ்வளவு நல்ல சொற்களை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தான், யாருக்காக ஒளித்து வைத்திருந்தான் என்று நினைத்து நினைத்து, ஒரு மாதத்தில் நான்கு பேருக்குத் தப்பான நம்பரில் கண்ணாடி எழுதிக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு செம்பூருக்குப் போய் சாதனாவின் ஆபீசுக்கு எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். பத்தேமுக்காலுக்கு சாதனா வெளியே வந்தாள். போன் காதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு நுனி லேசாகத் தெரிய, பிரசாதத்துக்கு நிற்கிறவளைப்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரியின் இடது ஓரத்தில் பன்னீரும் பச்சைப்பயறும் விழுந்தன. சாதனா கண்ணைத் திறந்தாள், அது ஈரமாக இருந்தது. மாரீஸ்வரிக்கு அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண்ணின் முகம் அப்படி ஆவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவு செய்துகொண்டு, பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே சயானுக்குத் திரும்பினாள்.

மறுநாள் அவளே தனியாக ஒரு சொல் போட்டாள். டர்ரக். கடினமான எழுத்துகள் நெருங்கி வந்தால் கசக்கும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த வகைச் சொற்களை மூன்று வருடமாக உள்ளே விடாமல் காவல் இருந்தவளே அவள்தான். அர்த்தம் எதுவும் வைக்கவில்லை. சொன்னவர் நாக்கில் விழாது என்பதால் அது எவ்வளவு கசந்தது என்பதும் அவளுக்குத் தெரியாது. தினமும் மதியம் ஒன்றரை மணிக்குக் கடையின் பின்புறத் திரைக்குப் பின்னால் போய் நின்று அதைச் சொன்னாள். அந்த நேரத்தில் சாதனா டிபன் பாக்ஸைத் திறப்பாள். உஸாமா சாயங்கால விருந்துக்கு உப்புப் பார்ப்பான். சொல்லிவிட்டு வந்து தன் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டாள்.

ஏப்ரலில் உஸாமா ஒரு நிக்காஹ் விருந்தில் நானூறு பேருக்கு வைத்த பிரியாணியில் உப்பை மூன்று தரம் போட்டான். மே மாதம் செம்பூரில் ஒரு விருந்தில் ஒரு தரம்கூடப் போடவில்லை. சமையல் கூடத்தின் முதலாளி சலாவுதீன் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். தாராவியில் அவன் இளைத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பதாக மாரீஸ்வரியின் அம்மா சொன்னபோது, அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது. அப்படி இறங்கியது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் ஒன்றரைக்குத் திரைக்குப் பின்னால் போனாள்.

ஜூலையில், மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை, வடாலாவில் இட்லி மாவு அரைத்து விற்கும் முப்பிடாதியம்மாள் என்பவர் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை என்று கண்ணாடி வாங்க வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாரீஸ்வரி அவரை உட்கார வைத்து, அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, மணியைப் பார்த்துத் திரைக்குப் பின்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அந்த அம்மாள் வாசலில் நின்று மழைத்தண்ணீரைக் கையில் பிடித்துப் பிடித்து வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணர ஆயிட்டுல்லா பிள்ள. தெனம் இந்த நேரத்துக்கு நுனிநாக்குல டயர எரிச்சு வச்ச மாதிரி வருது. மூணு மணி வரைக்கும் எச்சி முழுங்க முடியாது. பொங்கல் கழிஞ்சதுல இருந்தே வாயி சரியில்ல. காலையில கிராம்பு வரும், சாயந்திரமானா மோரு வரும். அதுலாம் பரவால்ல, ஒரு மாதிரி நல்லாத்தான் இருக்கு. இந்தக் கருமம் பங்குனியில இருந்துதான்."

"ஆஸ்பத்திரில காட்டலையா?"

"காட்டினேன். பல்லு நல்லா இருக்குன்னாங்க."

மாரீஸ்வரி திரும்பி நின்று, கண்ணாடிச் சட்டங்களை அடுக்குவதுபோல் பாவனை செய்துகொண்டு, உதட்டுக்குள் சிக்கே என்றாள். "இப்பக் கடலை," என்றார் முப்பிடாதியம்மாள், மழை நின்றுவிட்டது என்று சொல்கிற குரலில்.

உஸாமாவும் சாதனாவும் சேர்ந்து ஒரு மாவுக்காரியைக்கூட உள்ளே சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் மாரீஸ்வரி முதலில் நினைத்தாள். சாயங்காலம் கடை முடிந்ததும் நேரே மாட்டுங்காவுக்குப் போனாள். ஆபீஸ் விட்டு வந்த சாதனா மார்க்கெட்டில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரி அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, ஒரு வார்த்தை முன்னே பின்னே இல்லாமல், டர்ரக் என்றாள். தாராவியில் உஸாமா டீ கிளாசைக் கீழே வைத்தான். வடாலாவில் முப்பிடாதியம்மாள் மாவை விட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். சாதனா ஒரு வெள்ளரிக்காயை நீட்டி, "இது பிஞ்சா பாருடி," என்றாள்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறவில்லை என்பதை மாரீஸ்வரி பார்த்தாள், அவள் பார்ப்பதை சாதனாவும் பார்த்தாள். வெள்ளரிக்காயைக் கூடையில் திரும்ப வைத்தாள்.

"பொங்கலுக்கு மறுநாள்லேர்ந்து இல்லடி. கார்த்தால எழுந்தேன், போயிடுத்து. காபி ருசிக்கறது, சாம்பார் ருசிக்கறது. நம்மளுது மட்டும் ஒண்ணும் வரலை."

"தெனமும் தாபி சொன்னியேட்டி."

"சொல்ல முடியறது. வாங்கத்தான் முடியலை. ஏழு மணிக்கு நீ சொல்லியிருப்பேன்னு கடியாரத்தைப் பார்த்துப்பேன்."

புதிதாக ஏதாவது சொல் போட்டால் அதாவது நாக்கில் விழாதா என்று வாரத்துக்கு இரண்டு நாள் முயன்று பார்த்திருக்கிறார்கள். சாதனா ஒரு சொல் கட்டி எழுதி அனுப்புவாள், உஸாமா அதைச் சொல்வான், அவள் கண்ணை மூடிக் காத்திருப்பாள், ஒன்றும் வராது, பிறகு அவளே ஒரு தரம் சொல்லிப் பார்ப்பாள். நாற்பது சொற்களுக்கு மேல் ஆகியிருந்தன. அந்தச் சொற்களெல்லாம் உஸாமா போட்டவை என்று நினைத்திருந்த மாரீஸ்வரிக்கு, ருசி போன வாயிலிருந்துதான் அவை வந்தன என்று தெரிந்தபோது, இரக்கம் வருவதற்கு முன்னால் இன்னொன்று வந்தது. சிலேட்டும் கிராம்பும் இவளுடையதா என்று மனசு அடித்துக்கொண்டது. முதலில் போட்ட அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

சாதனா குடையை நேராகப் பிடித்தாள். "மாரிக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன் என்ட்ட மொதல்ல சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா நீ ஒரு நோட்டை எடுத்துண்டு என்னைச் சரி பண்ண உட்கார்ந்துடுவே. சரியாகலைன்னா உன் மூஞ்சியை நான் பார்க்கணும். அவன்கிட்டச் சொன்னேன், சரி வா பார்ப்போம்னான். அவ்வளவுதான்."

மறுநாள் காலை மாரீஸ்வரி உஸாமாவின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் கன்னம் ஒட்டியிருந்தது. அவள் ஒன்றும் தொடங்குவதற்கு முன்னால் அவனே, "நீதான்னு தெரியும். நுனிநாக்குல வேற யாரு," என்றான்.

"தெரிஞ்சுமா நாலு மாசம் சும்மா இருந்த?"

"நிறுத்துன்னா ஏன் எதுக்குன்னு கேப்ப. அவ சங்கதிய சொல்லணும். அவ சொல்லாதன்னுட்டா. பெறகு, கோவத்துக்கு ஒரு வார்த்தை போடுவோம்னு அப்பவே சொன்னேன். நீதான் உள்ள விடல. எந்தப் பாஷையில உன்னத் திட்டுறதாம்?"

அவள் அன்றைக்கே காட்கோபருக்குப் போய் சலாவுதீனிடம் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் முழுதும் கேட்டார், முழுதும் நம்பினார். நம்பியதால்தான் அவனைத் திரும்பச் சேர்க்க முடியாது என்றார். வாய் அடுத்தவர் கையில் இருக்கிறவனை நம்பி நானூறு பேர் சாப்பாட்டை ஒப்படைக்க முடியாது. அதில் தவறு சொல்ல இடமில்லை என்று மாரீஸ்வரி திரும்பி வந்தாள். அடுத்து வடாலாவுக்குப் போனாள். முப்பிடாதியம்மாள் மன்னிப்பெல்லாம் கேட்க விடவில்லை. அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. "ஆறு மாசமா உங்க பாஷை என் வாயில கெடக்கு. அர்த்தம் தெரியாம தின்னுக்கிட்டு இருக்கேன். அர்த்தத்தச் சொல்லிட்டுப் போ," என்றார். நூற்றுப்பன்னிரண்டையும் அவள் இரண்டு சாயங்காலங்களில் சொல்லிக் கொடுத்தாள். சாதனாவின் பங்கு எப்படி மாட்டுங்காவிலிருந்து கிளம்பி வடாலாவில் வந்து இறங்கியது என்பதை யாரும் ஆராயவில்லை. தண்ணீர் லைன் மாறுவதுபோல் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

முப்பிடாதியம்மாளைப் பார்க்க சாதனா ஒரு சனிக்கிழமை வடாலாவுக்கு வந்தாள், மற்ற இருவரும் கூட வந்தார்கள். தன் நாக்கில் இருந்தது இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத்தான் வந்தாள். அவள் போட்ட சொற்கள் எப்படி ருசிக்கின்றன என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார், கையை ஆட்டிப் பார்த்தார், வார்த்தை போதவில்லை. "ஏ தம்பி, நீ சமையக்காரன்தான, ஆக்கித்தான் காட்டேன்," என்றார் உஸாமாவிடம். உஸாமா கல்பாசியை வறுத்தான், கிராம்பைத் தட்டினான், அரிசி மாவில் குழைத்து ஆவியில் வைத்தான். முப்பிடாதியம்மாளும் மாரீஸ்வரியும் ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டு, சிலேட்டு பத்தாது, கிராம்பு தூக்கல், ஈரம் இல்லை என்று திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். பதினாலாவது தட்டுக்கு இரண்டு பேரும் தலையாட்டினார்கள். சாதனா அதைத் தின்றுவிட்டு, தட்டை வழித்துவிட்டு, "நான் பண்ணினதா இது," என்றாள். முப்பிடாதியம்மாள் அவள் தலையில் கை வைத்துச் சிரித்தார். சாதனாவும் சிரித்தாள். மாரீஸ்வரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்; போன மாதம்வரை யாரென்றே தெரியாத கை.

நாலாவது சனிக்கிழமை சாதனா டர்ரக் கேட்டாள். வேண்டாம் என்றான் உஸாமா.

"நாலு மாசம் நேக்குன்னு அனுப்பிச்சிருக்கா. ஒரு தரமாவது வாங்கிக்கறேன்."

அவன் மாரீஸ்வரியைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கத்திலிருந்து விலகி இடம் விட்டாள். மற்றச் சொற்களுக்கு மணிக்கணக்கானது, இதற்குப் பத்து நிமிடம்தான் ஆனது. அவனுக்கு அது மனப்பாடம். கடுகெண்ணெயைப் புகையவிட்டு, வெந்தயத்தைக் கரியாக்கி, அதில் பாகற்காய் விதையையும் இன்னும் எதையெதையோ போட்டு இறக்கினான். அறை முழுக்கப் புகை. சாதனா ஒரு கரண்டி முழுதும் வாங்கி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. தண்ணீர் நீட்டியபோது வாங்கவில்லை. மணி அப்போது ஒன்றரை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாரீஸ்வரி எதிரே உட்கார்ந்து மூன்று மணிவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை மணிநேரம் சாதனா முழுக்க முழுக்க அவளுடைய சொல்லோடு மட்டும் இருந்தாள். அதில் மாரீஸ்வரிக்கு வெட்கமும் இருந்தது, சொல்லிக்கொள்ள முடியாத ஒரு திருப்தியும் இருந்தது.

மூன்று அடித்ததும் சாதனா வாயைத் துடைத்துக்கொண்டாள். "உறுதியாப் பண்ணியிருக்கே. இதுக்கு அர்த்தம் என்ன?"

"நீ மொதல்ல என்ட்ட வரலங்கிறது," என்றாள் மாரீஸ்வரி.

சாதனா சரி என்றாள். உஸாமாவும் சரி என்றான். முப்பிடாதியம்மாள் மூடி வைத்த மாவிலிருந்து கையை எடுக்காமலே, "எனக்கும் சரிதான்," என்றார். எல்லோரும் நேரில் இருந்ததால் சொல் முறைப்படி உள்ளே வந்தது.

வடாலாவில் முப்பிடாதியம்மாளின் மாவுக் கடையில் இப்போது சனிக்கிழமைதோறும் பதினொன்றிலிருந்து இரண்டுவரை சொற்கள் கிடைக்கின்றன. உஸாமா ஆக்குகிறான், சாதனா தட்டு வைத்துக் கொடுக்கிறாள், ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்டு நின்று தின்றுவிட்டுப் போகிறார்கள். டர்ரக் மட்டும் கேட்டால்தான் செய்வது. மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், பெரும்பாலும் கல்யாணமானவர்கள். சாதனாவுக்கு ருசி திரும்பவில்லை. அதற்குப் பதிலாக, ஐந்தாறு வாரம் தொடர்ந்து தின்றவர்களில் சிலருக்குத் தாமாகவே நாக்கில் சொற்கள் விழத் தொடங்கியிருக்கின்றன: ஒரு மோனோரயில் காவலாளி, இரண்டு நர்ஸுகள், ஆன்டாப் ஹில்லில் டியூஷன் எடுக்கும் ஒருவர். வந்து சொல்கிறவர்களுக்கு அர்த்தங்கள் அச்சடித்த தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. அந்தத் தாளைத் தட்டச்சு செய்து வரிசைப்படுத்தியது மாரீஸ்வரி. சாதனாவின் சொற்கள் பின்பக்கத்தில் இருக்கின்றன.